சூடான கடல் சுழல் ஆறிவிட்டது என்றால் வெப்பம் எங்கே போனது?

2025 ஜூன் 7

ஊத்தங்கரை வாசகர் ஒருவர் கேட்டது: "கடலில் சூடான சுழல்கள் சுற்றுகின்றன, அவை வெப்பத்தை நெடுந்தூரம் கொண்டுபோகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மேல்தண்ணீர் சூடாக இருந்தால் காற்றுப் பட்டுப் பத்து நாளில் ஆறிவிடாதா? செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரிந்த வட்டம் இரண்டு வாரத்தில் காணாமல் போனதை நானே பார்த்தேன். வட்டம் போனால் வெப்பமும் போயிற்று. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?"

ஜூன் 7, இரவு

படத்தில் வட்டம் மறைவது வேறு, வெப்பம் தீர்வது வேறு. அந்தப் படம் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள படலம். சுழலின் உடம்போ நூறு, இருநூறு மீட்டர் கீழே போகிறது. பெரிய சுழல்கள் ஆயிரம் மீட்டரையும் எட்டும்.

அளவைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன். 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிவதற்கு முன் இருந்த பழைய தருமபுரி மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் முதல் அரூர் வரை, ஒகேனக்கல் முதல் ஊத்தங்கரை வரை எல்லாம் சேர்த்து 9,600 சதுர கி.மீ. சுமார். 110 கி.மீ. விட்டமுள்ள ஒரு சுழலின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடலில் இது ஒன்றும் பெரிய சுழல் இல்லை, நடுத்தரம்.

அந்தப் பரப்பில் நூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் அக்கம்பக்கத்தைவிட 2 டிகிரி கூடுதல் சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 41 லட்சம் ஜூல் வேண்டும். அதே ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1,200 ஜூல் போதும். இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஒவ்வொரு சதுர மீட்டருக்கு அடியிலும் 82 கோடி ஜூல் கூடுதல் வெப்பம் இருக்கிறது. கடல் அதை இரவும் பகலும் சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருந்தாலும் ஒரு நாளில் போவது 86 லட்சம் ஜூல்தான். தீர 95 நாள் ஆகும். பத்து நாள் என்ற கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் வரவில்லை.

மொத்தச் சுழலுக்கும் பெருக்கிப் பார்த்தேன். இந்தியா முழுக்க ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் அளவை ஒட்டி வந்து நிற்கிறது. ஒரே ஒரு சுழலில்.

ஜூன் 8

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆராய்ச்சிக் கப்பலில் கருவிப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் அளக்கும் சிடிடி கருவியைக் கம்பியில் மாட்டி வின்ச்சில் இறக்குவோம். அது இறங்க இறங்கத் திரையில் கோடு கீழ்நோக்கி வளரும். மேலே முப்பது, நாற்பது மீட்டருக்கு வெப்பநிலை 28, 29 டிகிரி என்று ஒரே செங்குத்தாக நிற்கும். பிறகு கோடு இடப்பக்கம் சாயத் தொடங்கும், அதாவது குளிர ஆரம்பித்துவிட்டது. இருநூறு மீட்டருக்குள் பாதியாகிவிடும்.

சூடான சுழலுக்குள் கப்பல் நின்றபோது பார்த்தது இதுதான்: மேலே அதே 28, 29. வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் கோடு சாய வேண்டிய ஆழம் வந்தும் சாயாது, இன்னும் கீழே போகும், இன்னும் கீழே. வின்ச் ஆபரேட்டர் கம்பி அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், கோடு நிமிர்ந்தபடியே இறங்கும். கடைசியில் சாயும்போது, பக்கத்து நிலையத்தில் சாய்ந்த இடத்தைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருப்போம். அந்தப் பல பத்து மீட்டரில்தான் வெப்பம் பதுங்கியிருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது வரவே வராது.

கருவி மேலே வந்ததும் அதோடு கட்டிய குழாய்களில் பிடித்த தண்ணீரைத் திறந்து சிறு பாட்டில்களில் எடுப்போம். மேல்தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். ஐந்நூறு மீட்டரில் பிடித்த குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும், கிட்டத்தட்ட 10 டிகிரி. வங்கக் கடல் வெதுவெதுப்பான கடல் என்கிறோம். அந்த வெதுவெதுப்பு மேலே ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும்தான் இருக்கிறது. அந்த அடுக்கு ஓரிடத்தில் தடிப்பாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதைச் சுழல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஜூன் 8, மாலை

பென்னாகரத்திலிருந்து: "ஒகேனக்கல்லில் பாறைக்குப் பின்னால் விழும் சுழியும் இதுவும் ஒன்றுதானா?"

ஒரு விஷயத்தில் ஒன்று. பரிசல் துறையில் நின்று பாறைக்குப் பின்னால் சுற்றும் நுரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள நுரை அங்கேயே சுற்றும், வெளியே போகாது. ஓரத்து நுரை மட்டும் இழை இழையாகப் பிரிந்து ஆற்றோடு போகும். கடல் சுழலிலும் அப்படித்தான் நடக்கிறது, அந்த ஓரத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

காரணத்தில் இரண்டும் வேறு. காவிரிச் சுழியை உண்டாக்குவது பாறை. பாறை நகராது, சுழியும் நகராது. கடல் சுழலைச் சுற்ற வைப்பது பூமியின் சுழற்சி. சூடான நீர் விரிந்து லேசாக இருப்பதால் சுழலின் நடுவில் கடல்மட்டம் 20, 30 செ.மீ. மேடிட்டிருக்கும். மேட்டிலிருந்து தண்ணீர் வெளியே வழியப் பார்க்கும். பூமி சுற்றுவதால் தோன்றும் கொரியாலிஸ் விசை, நம் வடகோளத்தில், அதை வலப்பக்கம் திருப்பிவிடும். வழிய முடியாத நீர் மேட்டைச் சுற்றிவரத் தொடங்கும், கடிகார முள் சுற்றும் திசையில். குளிர்ந்த சுழலில் நடு பள்ளம், சுற்றும் திசையும் எதிர். இந்த ஏற்பாடு இருப்பதால்தான் அந்த மேடு உடனே தட்டையாகாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. வெப்பமும் அதோடு நிற்கிறது.

ஜூன் 9

வேகம் கேட்டவருக்கு. வினாடிக்கு 40 செ.மீ. ஓடும் நீர், 50 கி.மீ. ஆரமுள்ள சுழலை ஒருமுறை சுற்றிவர ஒன்பது நாள் ஆகும். சுழல் மொத்தமாக நகர்வது அதைவிட மெதுவு. நம் அட்சரேகையில் ஒரு நாளைக்கு 5 முதல் 10 கி.மீ., மேற்கு நோக்கி. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வர அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். மேற்கே போகக் காரணம், கொரியாலிஸ் விசை வடக்கே போகப் போகக் கூடுவது.

சுற்றும் வேகம் நகரும் வேகத்தைவிட அதிகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால்தான் உள்ளே இருக்கும் நீர் வெளியே நழுவாமல் சுழலோடு கூடவே போகும்.

ஜூன் 11

பாலக்கோட்டில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர் 95 நாள் கணக்கில் கை வைத்திருக்கிறார். நல்ல கேள்வி. "100 வாட் என்பது கடல் ஆவியாவதால் பொதுவாக இழப்பது. சுழலுக்கு வெளியே உள்ள கடலும் அதைத்தானே இழக்கிறது? சுழல் அக்கம்பக்கத்தோடு சமமாகக் குளிர்ந்தால் வித்தியாசம் எப்படிக் குறையும்?"

குறையாது. சுழலுக்கே உரிய இழப்பு என்பது, அது அக்கம்பக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக விடுகிறது என்பதுதான். மேல்நீர் ஒரு டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் கூடுதல் இழப்பு சதுர மீட்டருக்குச் சில பத்து வாட் வரும். சுற்றிலும் 100 வாட் போனால் சுழல்மேல் 130, 140 போகும். அந்த 30, 40-தான் சுழலை அக்கம்பக்கத்தோடு சமப்படுத்துவது. ஆகவே காற்றின் வழியே மட்டும் தீரவேண்டுமானால் 95 நாளைவிட நெடுநாள் ஆகும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காற்றுக்குப் போவதை முடிவு செய்வது மேல்நீரின் சூடு மட்டும். கோடையில் வெயில் அக்கம்பக்கத்தையும் 30 டிகிரிக்கு ஏற்றிவிட்டால் மேலே வித்தியாசமே இருக்காது. ஊத்தங்கரை வாசகர் பார்த்த வட்டம் மறைந்ததற்கு இதுவே போதுமான காரணம். சுழல் ஆறியிருக்க வேண்டும் என்பதில்லை, சுற்றுப்புறம் சூடேறியிருக்கலாம். உள்ளே இருக்கும் வெப்பம் காற்றோடு தொடர்பில்லாமல் கீழேயே கிடக்கும். மறுபடி பலத்த காற்று வீசி மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும்போது அது வெளியே வரும்.

ஜூன் 11, இரவு

அப்படியானால் கீழ்ப்பக்கம் கசியாதா என்று அதே ஆசிரியர். திறந்த கடலின் உள்ளே செங்குத்தாகக் கலப்பது மிக மெதுவாகத்தான். 1992-இல் வட அட்லாண்டிக்கில் ஒரு வேதிப்பொருளைச் சில நூறு மீட்டர் ஆழத்தில் கலந்துவிட்டு அது மேலும் கீழும் எவ்வளவு பரவுகிறது என்று மாதக்கணக்கில் தேடி அளந்தார்கள். வந்த எண்ணை வைத்து நூறு மீட்டர் தடிப்பைக் கடக்க எத்தனை நாள் என்று போட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டு வரும். அத்தனை காலம் எந்தச் சுழலும் வாழாது. சூடான சுழலின் அடிப்பகுதியில், காற்று கிளப்பிவிட்ட உள்ளலைகள் (கடலுக்கு உள்ளேயே ஓடும் அலைகள்) மாட்டிக்கொண்டு உடைவதால் கலப்பு கொஞ்சம் கூடும். இருந்தாலும் பெரிய வாசல் அது இல்லை.

ஜூன் 14

பெரிய வாசல் ஓரம்.

இதை எழுதத்தான் இந்தத் தொடரையே ஆரம்பித்திருக்க வேண்டும். சுழல் என்றால் வெப்பத்தைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது என்றே எல்லோரும் முதலில் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் உலகக் கடல்களைச் சேர்த்துப் பார்த்தால், சுழல்கள் செய்யும் வெப்பக் கடத்தலில் பெரும்பங்கு ஓரத்தில் நடக்கிறது, சுழல் தன் இடத்தைவிட்டு நகராமலே நடக்கிறது.

வடக்கே குளிர்ந்த நீர், தெற்கே சூடான நீர் என்று ஒரு கடல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே கடிகாரத் திசையில் ஒரு சுழல். அதன் மேற்குப் பக்கத்து நீர் வடக்கே போகிறது, போகும்போது தெற்கத்திச் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. கிழக்குப் பக்கத்து நீர் தெற்கே இறங்குகிறது, வடக்கத்திக் குளிரைக் கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் ஓடும் நீரின் அளவு சமம். கொண்டுபோன தண்ணீரும் கொண்டுவந்த தண்ணீரும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வெப்பம் மட்டும் ஈடுகட்டவில்லை, அது நிகரமாக வடக்கே போயிருக்கிறது. கடலில் ஒரு லிட்டர் தண்ணீர்கூட மொத்தத்தில் வடக்கே போகவில்லை!

கப்பலில் இதை நான் நேரில் உணர்ந்தது, சுழலின் விளிம்பைக் குறுக்காக வெட்டிப் போனபோது. கப்பல் ஓடும்போதே அடிப்பக்கம் உள்ள குழாய் வழியாகக் கடல்நீரை உறிஞ்சி வெப்பநிலை பதிவாகிக்கொண்டே இருக்கும். விளிம்பு நெருங்கியதும் எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சில கி.மீ. அகலமுள்ள சூடான நீரிழை, பிறகு குளிர்ந்த இழை, பிறகு சூடு. மாற்றிமாற்றி அடுக்கியதைப்போல வரும். சுழல் தன் ஓரத்து நீரை இழுத்து நீட்டிக்கொண்டே இருப்பதால் இப்படி ஆகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இழை மெலியும், நீளும். மெலிய மெலிய, சூடும் குளிரும் தொட்டுக்கொள்ளும் பரப்பு பெருகிக்கொண்டே போகும். கி.மீ. அகலம் நூறு மீட்டராகி, மீட்டராகி, கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் கலந்துவிடும். அங்கேதான் அந்த வெப்பம் சுழலின் சொத்தாக இருப்பது முடிந்து அக்கம்பக்கத்துக் கடலின் சொத்தாகிறது.

ஆக, சுழல் வெப்பத்தை இழப்பதும், வெப்பத்தைக் கடத்துவதும் பல நேரம் ஒரே செயல். ஓரத்தில் கலக்காமல் பத்திரமாகப் பொத்திவைத்துக்கொண்டே சுற்றும் சுழல், எங்கேயும் எதையும் கொடுக்காது. கலந்தால்தான் கொடுத்ததாகும்.

ஜூன் 15

தேன்கனிக்கோட்டை நண்பர்: "சூடான சுழல் வடக்கே போய் வெப்பம் தருகிறது, சரி. குளிர்ந்த சுழல் அதைக் கெடுக்காதா?"

அது போகும் திசையைப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வளைந்து வளைந்து, வளைவுகள் அறுந்து வளையங்களாக விழும். வடக்கே விழும் வளையம் சூடானது, தெற்கே விழுவது குளிர்ந்தது. வடக்கே சூட்டைக் கொடுப்பதும் தெற்கே குளிரைக் கொடுப்பதும் வெப்பக் கணக்கில் ஒன்றுதான். இரண்டும் ஒரே கட்சி.

தென்துருவத்தைச் சுற்றி ஓடும் கடலில் இது இன்னும் முக்கியம். அங்கே, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்ட்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணை உள்ள அட்சரேகைகளில் குறுக்கே நிலமே இல்லை. கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடி வெப்பத்தைச் சேர்க்கும் நீரோட்டம் அங்கே சாத்தியமில்லை. அண்டார்ட்டிகாவை நோக்கி வெப்பம் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சுழல்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 19

ஓசூரிலிருந்து ஒருவர், கொஞ்சம் கோபமாகவே: "தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி இவ்வளவு. குடிதண்ணீருக்கே ஒகேனக்கல்லை நம்பி இருக்கிறோம். நமக்கும் கடலுக்கும் என்ன?"

2024 டிசம்பர் முதல் வாரத்தை அதற்குள் மறந்துவிட முடியாது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. வலுவிழந்து உள்ளே நகர்ந்து வந்தபோது நம்மேல் கொட்டியது. டிசம்பர் 2 காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரை பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்.

அந்த 50 செ.மீ. மழையை வெப்பமாக மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோ நீர் ஆவியாகக் கடல் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல். பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். ஊத்தங்கரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 கிலோ தண்ணீர் விழுந்தது. அதாவது சதுர மீட்டருக்கு 120 கோடி ஜூலுக்கு மேல். இதை ஒரே இடத்துக் கடல் கொடுத்திருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்கு அந்தக் கடல் 6 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அப்படி எங்கேயும் குளிராது. நூற்றுக்கணக்கான கி.மீ. விரிந்த கடல்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய ஈரத்தைத் திரட்டிக்கொண்டு வந்து நம் ஏரிகள்மேல் கொட்டியிருக்கிறது.

ஒரு தனிச் சுழலைக் காட்டி இதுதான் ஊத்தங்கரையை மூழ்கடித்தது என்று நான் சொல்லமாட்டேன். யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் கடல் எந்த இடத்தில் ஈரத்தைத் தடையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், எந்த இடத்தில் சீக்கிரம் கைவிரிக்கும் என்பதில் சுழலுக்குப் பங்கு உண்டு. கடல் இல்லாத மாவட்டம் என்பதால் அது நம் விஷயம் இல்லை என்று ஆகிவிடாது. நம்மிடம் இருக்கிற ஏரிக்கரைகளும் தரைப்பாலங்களும் அந்தக் கணக்கைத்தான் தாங்கவேண்டியிருக்கிறது.

ஜூன் 20

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சி. புயல் கடலைக் கலக்கும். கலக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயலுக்கு ஆவி குறையும், அது தளரும். குளிர்ந்த சுழலின் மேல் போனால் குளிர்நீர் கைக்கெட்டும் ஆழத்திலேயே இருக்கிறது, சீக்கிரம் மேலே வந்துவிடும். சூடான சுழலின் மேல் போனால் எவ்வளவு கலக்கினாலும் கீழிருந்தும் சூடான நீரே வரும். கப்பலில் நான் பார்த்த அந்தச் சாயாத கோடு இங்கேதான் வேலை செய்கிறது. 1995-இல் ஓப்பல், 2005-இல் கத்ரீனா என்ற இரண்டு புயல்களும் மெக்சிகோ வளைகுடாவில் இப்படித் தடிப்பான வெதுநீரின்மேல் போய்த்தான் வேகமாக வலுத்தன.

அதனால்தான் புயல் கணிப்பவர்கள் மேல்நீரின் சூட்டை மட்டும் பார்ப்பதில்லை. 26 டிகிரிக்கு மேலே உள்ள வெப்பத்தை, மேற்பரப்பிலிருந்து 26 டிகிரி வரும் ஆழம் வரைக்கும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனம் நம் கடல்களுக்கு இந்த வரைபடத்தை வெளியிடுகிறது.

ஜூன் 24

இரண்டு பேர் உப்பைப் பற்றிக் கேட்டார்கள். வெப்பத்தைப் பேசும்போது உப்பைக் கையோடு பேச வேண்டும்.

ஆப்பிரிக்காவின் தென்முனையில் இந்தியப் பெருங்கடலின் அகுல்ஹாஸ் நீரோட்டம் திரும்பும் இடத்தில் ஆண்டுக்குச் சில பெரிய வளையங்கள் அறுந்து அட்லாண்டிக்குக்குள் போகின்றன. வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர். தெற்கத்திக் குளிர்க்காற்று பட்டதும் முதல் சில மாதங்களிலேயே வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. உப்பைக் காற்றுக்குக் கொடுக்க வழியில்லை. வெப்பம் போய் உப்பு தங்கியதால் அந்த நீர் கனத்து, மேற்பரப்பை விட்டுக் கீழிறங்கிப் பயணத்தைத் தொடர்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு வளையம் செத்துவிட்டது, உள்ளே அது இந்தியப் பெருங்கடலின் உப்போடு போய்க்கொண்டிருக்கிறது.

வங்கக் கடலில் கதை தலைகீழ். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் வடபாதியில் மேலே பரவிக் கிடக்கிறது. உப்புக் குறைந்த நீர் லேசானது, கீழே இறங்காது. குளிர்காலத்தில் அந்த மேல்நீர் குளிர்ந்தாலும் மேலேயே நிற்கும், அதற்குக் கீழே அதைவிடச் சூடான நீர் இருக்கும்! கீழே சூடு, மேலே குளிர். இதைத் திரையில் முதல்முறை பார்த்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை இறக்கச் சொன்னார்கள், மறுபடி அதே கோடு வந்தது. அப்படிப்பட்ட கடலில் சுழல் வெப்பத்தை இழப்பதும் தடைபடுகிறது. காற்றுக்கும் சூடான நீருக்கும் நடுவே நன்னீர் அடுக்கு நிற்கிறது. சுழலின் ஓரங்கள் அந்த நன்னீரை இழை இழையாகத் தெற்கே இழுத்துக்கொண்டும் வருகின்றன.

ஜூன் 25

அரூர் தம்பிக்கு: ஆமாம், குளிர்ந்த சுழலில் மீன் கூடும் என்பது சரி. கீழே கிடக்கும் சத்து மேலே வருகிறது, பாசி பெருகுகிறது. இலங்கைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவத்தில் அப்படியொரு குளிர்ந்த சுழல் வருடா வருடம் உருவாகிறது.

ஜூலை 2

இதையெல்லாம் எப்போது தெரிந்துகொண்டார்கள் என்ற கேள்வி நிற்கிறது. கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி இந்தச் சுழல்களில்தான் இருக்கிறது என்பது எழுபதுகளில் அட்லாண்டிக்கில் நடந்த பெரிய அளவீடுகளில்தான் உறுதியானது. அதுவரை வரைபடத்தில் நீரோட்டம் என்றால் அமைதியான அகன்ற அம்புக்குறிகள். 1992-இல் டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோள் போன பிறகு உலகம் முழுக்கச் சுழல்களை எண்ண முடிந்தது. 1,300 கி.மீ.க்கு மேலே இருந்துகொண்டு கடல்மட்டத்தைச் சில செ.மீ. துல்லியத்தில் அளந்தது அது. 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாமும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரல் அதே வேலையைச் செய்தது.

இந்தத் தொடருக்கு இது ஏன் வேண்டும் என்றால், மட்டத்தை அளக்கும் கருவி மேல்தோலோடு நிற்பதில்லை. கீழே சூடான நீர் தடிப்பாக இருந்தால் அது விரிந்து மேலே மேடாகத் தெரிந்தே தீரும், மேல்நீர் எந்தச் சூட்டில் இருந்தாலும் சரி. சிவப்பு வட்டம் மறைந்த இடத்தில் மட்டப் படத்தை எடுத்துப் பாருங்கள், மேடு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆர்கோ மிதவைகள் இன்னொரு உதவி. ஆயிரம் மீட்டரில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து ஏறி வரும்போது அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். நாங்கள் கம்பியில் இறக்கி எடுத்த அதே கோடு, ஆளில்லாமல் கிடைக்கிறது.

ஜூலை 6

பாலக்கோட்டு ஆசிரியரின் கடைசிக் கேள்வி: "காற்றுக்குக் கொஞ்சம், ஓரத்தில் நிறைய, கீழே மிகக் குறைவு. மிச்சம்?"

மிச்சம் சுழல் சாகும் இடத்தில் இறங்குகிறது. மேற்கே நகர்ந்துகொண்டே போனால் என்றாவது கரை வரும். வங்கக் கடலில் அது ஆந்திர, தமிழகக் கரை. அங்கே சரிவும் ஆழமின்மையும் சுழலைச் சிதைக்கும், கரையோர நீரோட்டம் அதன் நீரை வாங்கிக்கொள்ளும். அந்த நீரோட்டம் பிப்ரவரியிலிருந்து மே வரை வடக்கே ஓடும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே. எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து, அந்தமான் பக்கத்திலிருந்து மாதக்கணக்கில் வந்த வெப்பத்தின் மிச்சம் ஒடிசா பக்கம் போகலாம், நாகப்பட்டினம் பக்கமும் போகலாம். வழியிலேயே இன்னொரு சுழலோடு சேர்ந்துவிடுவதும் உண்டு. காற்று எதிர்த்து உரசிச் சுற்றும் வேகத்தைக் குறைப்பதும் நடந்துகொண்டே இருக்கும், அது வெப்பத்தை எடுக்காது, சுழற்சியை மட்டும் எடுக்கும்.

வகுப்பில் நடத்துவதாக இருந்தால் ஒரு யோசனை, சார். வரும் அக்டோபரில் பிள்ளைகளிடம் கடல்மட்டப் படத்தையும் மேல்நீர் வெப்பநிலைப் படத்தையும் ஒரே தேதிக்கு எடுத்துக் கொடுங்கள். இரண்டிலும் பொருந்தாத மேடுகளை வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு அந்த மேட்டுக்குள் ஆர்கோ மிதவை ஏதாவது இருக்கிறதா என்று தேடி அதன் கோட்டை எடுக்கச் சொல்லுங்கள். மிதவை கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.